சமச்சீர் அணிக்கு ஐகன் மதிப்பு ஏன் மெய்யெண்ணாகவே வருகிறது?

தம்பி, மெய்யெண் சமச்சீர் அணிக்கும், இரு முனையிலும் சார்பு பூஜ்யமாகும், மைனஸ் இரண்டாம் வகைக்கெழுவின் எல்லை மதிப்புக் கணக்குக்கும் ஐகன் மதிப்பு ஏன் கலப்பெண்ணாக வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சுங்கை சிப்புட்டில் என் டியூஷன் பிள்ளைகளும் இங்கேதான் முழிப்பார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

ஐகன் சமன்பாட்டை (அணி × வெக்டர் = ஐகன் மதிப்பு × வெக்டர்) இடப்பக்கமாக வெக்டரின் இணை இடமாற்றால் (உறுப்புகளின் கலப்பெண் இணையை எடுத்து, நிரலை நிரையாக மாற்றியது) பெருக்குங்கள். அணி மெய்யெண் சமச்சீர், அதாவது இடமாற்றினாலும் மாறாதது என்பதால், இடப்பக்கம் வரும் எண்ணும் அதன் இணையும் ஒன்றே, அதாவது மெய்யெண். வலப்பக்கம் ஐகன் மதிப்பு × வெக்டர் நீளத்தின் வர்க்கம்; அந்த வர்க்கம் பூஜ்யமல்லாத மெய்யெண். வகுத்தால் கதை முடிந்தது.

எல்லைக் கணக்கில் பெருக்கிக் கூட்டுவதற்குப் பதில் தொகையிட வேண்டும், அவ்வளவுதான். திருவிழாப் பந்தலில் இரு கம்பத்திலும் இறுகக் கட்டிய கயிறு மாதிரி முனைகள் அசையாது. அதனால் பகுதித் தொகையிடலில் எல்லை உறுப்புகள் காணாமல் போகும், சமச்சீர் அணியில் போலவே இடப்பக்கம் மெய்யெண்ணாகும்.

சரி, கணக்குப் போட்டே பார்ப்போம். மைனஸ் இரண்டாம் வகைக்கெழு = ஐகன் மதிப்பு × சார்பு, நீளம் 1, இரு முனையிலும் பூஜ்யம். உண்மையான மதிப்புகள் சுமார் 9.87, 39.48 என்று போகும். நீளத்தை மூன்று துண்டாக்கினால் (2, -1; -1, 2) அணியின் 9 மடங்கு கிடைக்கும்; அதன் ஐகன் மதிப்புகள் 9, 27. இரண்டாவது ரொம்பவே தள்ளி நிற்கிறது, துண்டுகளைக் கூட்டினால் நெருங்கும். ஆனால் இரண்டுமே மெய்.

சமச்சீர் போனால் உத்தரவாதமும் போச்சு: (0, 1; -1, 0) அணிக்கு -1இன் வர்க்கமூலங்கள்தான் கிடைக்கும்.