கேள்வி – பதில்: கடலோர அடையாளத் தூண்

கேள்வி: படகுகளுக்கு வழிகாட்டும் பழைய மணற்கல் தூணின் இடுக்குகளில் சிமென்ட் பூசினோம். சிமென்ட் அப்படியே நிற்கிறது, கல்தான் உதிர்கிறது. ஏன்?

பதில்: உதிர்ப்பது உப்பு. அதைக் கல்லுக்குள் திருப்பிவிட்டது சிமென்ட். கல்லில் ஏறிய கடல்நீர் எப்படியாவது வெளியேறியாக வேண்டும். சுண்ணாம்புக் காரை இருந்தால் ஈரம் அதன் வழியே ஆவியாகும். உப்பும் அங்கேயே படியும். காரை தேயும், கல் பிழைக்கும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டதால் ஈரம் கல் முகத்தின் வழியே வருகிறது. அங்கே உப்பு படிகமாகிக் கல்லின் மேல்தோலை உரிக்கிறது.

சிமென்டைச் சிற்றுளியால் பொறுமையாக எடுங்கள். கிரைண்டர் வேண்டவே வேண்டாம். வெட்டுப்பட்ட கல் விளிம்பு திரும்ப வராது. கல்லையும் பெயர்த்துக்கொண்டு வரும் சிமென்ட் துண்டுகளை எடுக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள். இடுக்கின் அகலத்தைப் போல் இரு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. ஆழத்துக்குச் சுத்தம் செய்து நன்னீரால் கழுவுங்கள்.

காரைக்கு, ஈரத்திலும் இறுகும் ஹைட்ராலிக் சுண்ணாம்பு (என்.ஹெச்.எல். 3.5) 1 பங்கு, கழுவிய கூர்மணல் இரண்டரைப் பங்கு. கடல் மணல் கூடாது, உப்பைக் கூடவே கொண்டுவரும். அலை தொடும் அடிப்பகுதிக்கு, அதைவிட வலுவாக இறுகும் என்.ஹெச்.எல். 5 எடுங்கள். ‘உறுதிக்கு’ என்று ஒரு கை சிமென்ட் சேர்க்கும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள்; செய்த வேலையெல்லாம் வீண். இடுக்கை நனைத்து, காரையை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்பி, ஈரச் சாக்கால் ஒரு வாரமாவது மூடிவையுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விழும், விரலால் தேய்த்தால் மாவாக வரும். அடிப்பகுதி வேலையை அட்டமியை ஒட்டிய நாட்களில் வையுங்கள். அப்போது கடல் ஓதம் அதிகம் ஏறாது.

கேள்வி: உச்சிக் கற்களைப் பிணைத்த இரும்புக் கவ்விகள் துருப்பிடித்துக் கல் பிளக்கிறது. பெயின்ட் அடித்தால் போதுமா?

பதில்: போதாது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பெயின்டால் அந்த அழுத்தத்தைத் தடுக்க முடியாது. கவ்வியைச் சுற்றித் துளையிட்டுக் கழற்றி, 316 தரத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றுங்கள். 304 தரம் கடற்காற்றில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

கேள்வி: அலை அரிப்புக்குப் பயந்து தூணைக் கொஞ்சம் தள்ளி நட்டால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இப்படிப்பட்ட தூண்கள் கடல் பக்கம் ஒன்று, அதன் பின்னால் ஒன்று என ஜோடியாக நிற்பவை. முன் தூணையும் பின் தூணையும் ஒரே நேர்கோட்டில் பார்த்துத்தான் படகு வாய்க்காலுக்குள் வருகிறது. தூண்களுக்கு இடையே 100 மீட்டர் என்று வையுங்கள். முன் தூணைப் பக்கவாட்டில் 1 மீட்டர் நகர்த்தினால், அதிலிருந்து 2 கி.மீ. கடலில் அந்தக் கோடு 21 மீட்டர் விலகும். பாறைமேல் ஏற அது போதும். தூணை விட்டுவிட்டு அடித்தளத்தைப் பலப்படுத்துங்கள். கற்களைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால், முதலில் இருப்பிடத்தையும் உயரத்தையும் அளந்து, கல்லுக்குக் கல் எண்ணிட்டுப் படமெடுங்கள். நிறத்தை மாற்றுவதானாலும் துறைமுக அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி, மாலுமிகளுக்கான அறிவிப்பு வந்த பிறகே கைவையுங்கள். வெள்ளை அடிக்க எமல்ஷன் உதவாது, அதுவும் ஈரத்தை அடைக்கும். பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை, நனைத்த கல்மேல் நாளுக்கு ஒன்றாக ஐந்து மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். கெட்டியாக ஒரே பூச்சில் முடித்தால் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும்.