வாலட் பாஸ் யார் கணக்கில் இருக்கிறது?

கேள்வி: வாரம் ஒரு நாள் ஆன்லைனில் நேரலையாக வீணை வகுப்பு எடுக்கிறேன். பணம் கட்டியவர்களிலேயே பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். போன் வாலட்டில் (சீட்டு, கார்டு வைக்கும் செயலி) பாஸ் போட்டு நினைவூட்டலாம் என்று ஓர் ஏஜென்சி மாதச் சந்தா கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: வழி நல்ல வழிதான். போர்டிங் பாஸ் போலவே உங்கள் வகுப்புச் சீட்டும் ஆப்பிள் வாலட்டிலோ கூகுள் வாலட்டிலோ இருக்கும். வகுப்பு நேரம் நெருங்கும்போது திரையில் தலைகாட்டும். நேரத்தை மாற்றினால் சேமித்த எல்லார் போனிலும் மாறி, அறிவிப்பும் போகும். ஆனால் பாஸைச் சேமிக்காதவருக்கும், அறிவிப்பை அணைத்து வைத்தவருக்கும் ஒன்றும் போகாது. "நூறு சதவீதம் போய்ச் சேரும்" என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஆப்பிளிலும் கூகுளிலும் யார் திறந்த கணக்கிலிருந்து பாஸ் வெளியாகிறது? பெரும்பாலும் அவர்கள் கணக்கில்தான். நாளை சந்தாவை நிறுத்தினால், மாணவர்கள் போனில் இருக்கும் பாஸை உங்களால் ஓர் எழுத்துகூடத் திருத்த முடியாது. எல்லாரிடமும் புதுப் பாஸைச் சேமிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். இதில் மாட்டிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கணக்கை உங்கள் பெயரில் திறங்கள். வேலையை மட்டும் அவர்களிடம் கொடுங்கள். கூகுள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் கூகுளின் ஒப்புதல் வரும்வரை சோதனைப் பாஸ்தான் போட முடியும். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர். பாஸ் உங்களுடையதுதான் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் சான்றிதழையும் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். முப்பது பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியம் சொல்லித்தருபவரும் பெரிய கம்பெனியும் ஒரே தொகை கட்ட வேண்டுமாம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

'எத்தனை விளம்பரம் வேண்டுமானாலும் அனுப்பலாம்' என்று ஏஜென்சி சொன்னால் அதுவும் பொய். கூகுளில் ஒரு பாஸுக்கு 24 மணி நேரத்தில் 3 அறிவிப்புகள்தான்.

வெளிநாட்டு மாணவர்கள் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். "மாலை 7 மணி" என்று வெறும் எழுத்தாகப் போட்டால் சிங்கப்பூரிலும் 7 என்றே காட்டும். அங்கே அப்போது இரவு 9.30. நியூஜெர்சியில் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 8.30. அங்கே ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். உங்கள் பாஸ் தப்பாகவே நிற்கும். நேரத்தைத் தேதி வடிவில், இந்திய நேரம் +05:30 என்ற குறிப்போடு பதியச் சொல்லுங்கள். அப்போதுதான் ஆப்பிள் பாஸில் அந்தந்த ஊர் நேரத்துக்கு அது தானாக மாறும். முதல் ஆப்பிள் பாஸை ஓர் ஐபோனில் சேமித்து, கடிகாரத்தைச் சிங்கப்பூருக்கு மாற்றி, 9.30 காட்டுகிறதா என்று பார்த்த பிறகே மற்றவர்களுக்கு அனுப்புங்கள்.