கணையக் கல்: கேப்ஸ்யூலை நிறுத்தலாமா, அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. மது, புகை எதுவும் இல்லை. ஆறு ஆண்டுகளாக நாள்பட்ட கணைய அழற்சி இருக்கிறது. கணையக் குழாய் விரிந்து, உள்ளே கற்களும் உள்ளன. என்சைம் கேப்ஸ்யூல், டிரமடால் வலி மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றை எடுத்துவருகிறேன். கணையக் குழாயைத் திறந்துவைக்க இரண்டு முறை ஸ்டென்ட் என்ற சிறு குழல் வைத்தும் வலி திரும்பிவிட்டது. கேப்ஸ்யூலால் வலியும் தீரவில்லை, எடையும் கூடவில்லை, அதை நிறுத்திவிடலாமா? மருத்துவர் பரிந்துரைக்கும் அறுவை சிகிச்சையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: மது அருந்தாத இளம் வயதினருக்குக் கணையக் கல் வருவது தென்னிந்தியாவில் நெடுங்காலமாக அறியப்பட்டதுதான். இவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. ஆகவே குடிப்பழக்கத்தால்தான் வந்தது என்று உறவினர்கள் சந்தேகக் கண்ணோடு பார்த்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

என்சைம் கேப்ஸ்யூல் செரிமானத்துக்கான மருந்து. அதை வலி மாத்திரையாக எண்ணியதால்தான் ஏமாற்றம் வந்திருக்கிறது. எடை கூடவில்லை என்றால், நிறுத்துவதற்கு முன் அளவையும் எடுக்கும் நேரத்தையும் சரிபார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு முழுச் சாப்பாட்டுடன் 40,000 முதல் 50,000 லைபேஸ் (கொழுப்பைச் செரிக்கும் என்சைம்) யூனிட்டும், சிற்றுண்டிக்கு அதில் பாதியும் தொடக்க அளவாகப் பொதுவாகத் தரப்படுகின்றன; பலர் 10,000 யூனிட் கேப்ஸ்யூல் ஒன்றை மட்டும், அதுவும் சாப்பிட்டு முடித்த பிறகு, விழுங்கிவிட்டுப் பலனில்லை என்கிறார்கள். முதல் கவளத்தோடு தொடங்கி, சாப்பாட்டின் நடுவே மீதியை எடுத்துக்கொள்வது நல்லது. கேப்ஸ்யூலை மென்றுவிடக் கூடாது. அளவு சரியாக இருந்தும் மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதந்தால், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சேர்ப்பது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எண்ணெயை அடியோடு விலக்கிப் பட்டினி போல் வாழ்வது எடையைத்தான் மேலும் குறைக்கும். கேப்ஸ்யூலை நிறுத்தினால் கொழுப்புடன் சேர்ந்து வைட்டமின் டி போன்றவையும் வீணாகி, நாளடைவில் எலும்பு வலுவிழக்கும்.

இன்சுலின் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். கணைய நோயால் வரும் நீரிழிவில், சர்க்கரை குறையும்போது அதை மீட்டெடுக்கும் குளுக்ககான் ஹார்மோனும் குறைந்துவிடுவதால், தாழ்சர்க்கரை திடீரென்றும் கடுமையாகவும் வரக்கூடும். வலியால் சாப்பிட முடியாத நாளில் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொள்வது ஆபத்து. அத்தகைய நாளுக்கான அளவை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேப்ஸ்யூலைச் சரியாக எடுக்கத் தொடங்கினால் உணவு நன்றாகச் சேர்ந்து சர்க்கரை ஏறலாம் என்பதால், அப்போதும் அளவை மாற்ற நேரிடும்.

அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நெதர்லாந்தில் குழாய் அடைத்து விரிந்திருந்த 39 பேரிடம் நடத்தி 2007-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வலி முழுமையாகவோ ஓரளவோ தணிந்தவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 75 சதவீதம், வாய்வழிக் குழாய் மூலம் அடைப்பை நீக்கும் எண்டோஸ்கோப்பிப் பிரிவில் 32 சதவீதம். அதே நாட்டிலிருந்து 2020-இல் வந்த, 88 பேரைக் கொண்ட ஆய்வும் முன்னதாகச் செய்யும் அறுவைக்கே ஆதரவாக இருந்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் டிரமடால் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரைகளைக் குறுகிய காலமே எடுத்தவர்கள், எனவே அதே அளவு பலனை நீங்கள் எதிர்பார்க்க முடியாது. வலி பல ஆண்டுகள் நீடித்தால் நரம்புகளே அதைப் பழகிக்கொண்டு, அடைப்பு நீங்கிய பின்னும் வலி தொடரலாம் என்பதுதான் தாமதத்தின் உண்மையான விலை. ஸ்டென்ட்டுக்கு முன் அதிர்வலையால் கற்களை உடைத்தார்களா என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. செய்யவில்லை என்றால், அது இப்போது பயன்படுமா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். அறுவைக்குப் பிறகும் கேப்ஸ்யூலும் இன்சுலினும் பெரும்பாலும் தொடரும். டிரமடாலைத் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

கேள்வி: நாங்கள் சைவம். என் தாயார் எடுக்கும் என்சைம் கேப்ஸ்யூல் பன்றியின் கணையத்திலிருந்து தயாரிக்கப்படுகிறதாமே? அது தெரிந்ததிலிருந்து அவர் சாப்பிட மறுக்கிறார்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: உண்மைதான். தாவர, பூஞ்சை என்சைம்கள் கடைகளில் கிடைத்தாலும், இந்த நோய்க்கு அவை அதற்கு ஈடாகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை. முடிவு உங்கள் தாயாருடையது. ஆனால் அவர் நிறுத்தியிருப்பதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். மறைத்தால், எடை ஏன் குறைகிறது என்று தேடித் தேவையற்ற ஸ்கேன்கள் எடுக்கப்படும். நீரிழிவும் இருந்தால், உணவு சரியாகச் சேராத நிலையில் பழைய அளவிலேயே இன்சுலின் போடப்பட்டுச் சர்க்கரை தாழ்ந்துவிடும்.