பன்னிங்ஸ் வாசலில் சாசேஜ் சுடக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

நீங்கள் மெல்பர்னுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. பக்கத்து வீட்டுப் பெரியவர் லயன்ஸ் கிளப்பில் இருக்கிறார், வரும் சனிக்கிழமை பன்னிங்ஸ் கடை வாசலில் சாசேஜ் விற்க ஆள் வேண்டும் என்கிறார். போனால் மாட்டிறைச்சியைத் தொட வேண்டியிருக்குமா, சந்தா கட்டச் சொல்வார்களா, மாணவர் விசாவில் இருக்கும் மச்சினனையும் கூட்டிப் போகலாமா, வேலை தேட இது உதவுமா, நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இவர்கள் வழியாக ஏதாவது செய்ய முடியுமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள், தம்பி.

போங்கள். ஆனால் என்ன வேலை என்று தெரிந்துகொண்டு போங்கள்.

நம் ஊரில் லயன்ஸ், ரோட்டரி என்றால் மேடை, மாலை, சிறப்பு விருந்தினர், மறுநாள் பேப்பரில் படம், நடுவில் ஒரு கண் சிகிச்சை முகாம். வசதியானவர்களின் சங்கம் என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. இங்கே அதே சங்கங்கள்தான். ரோட்டரி 1921இல் மெல்பர்னுக்கு வந்தது, லயன்ஸ் 1947இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து லிஸ்மோரில் தொடங்கியது. ஆனால் இங்கே உறுப்பினர்கள் ஓய்வுபெற்ற பிளம்பர், பள்ளி ஆசிரியை, பஸ் ஓட்டுநர் என்று இருப்பார்கள். பலருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். நாற்பது கிலோ ஐஸ் பெட்டியை வேனிலிருந்து இறக்க ஆள் இல்லை என்பதுதான் அவர்களுடைய நிஜமான கவலை. உங்களைக் கூப்பிடுவதற்கும் அதுதான் முதல் காரணம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், நல்ல காரணம்தான்.

பன்னிங்ஸ் என்பது மரம், பெயின்ட், ஆணி, செடி விற்கும் பெரிய வன்பொருள் கடை. வார இறுதியில் வாசலில் ஓர் இடத்தை லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கு முறை வைத்துத் தருவார்கள். லயன்ஸ், சாரணர், பள்ளிப் பெற்றோர் சங்கம், கால்பந்து கிளப் என்று எல்லோரும் வரிசையில் நிற்பதால் நல்ல சனிக்கிழமைக்குப் பல மாதம் முன்பே பதிந்து வைக்க வேண்டும். பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் இல்லாத அமைப்புக்கு இடம் கிடைக்காது. அடுப்பும் கூடாரமும் பெரும்பாலும் கடையே தரும். சாமான், கருவி, ஆள் நம்முடையது. விலையைக் கடைதான் முடிவு செய்யும்: வெகுநாள் இரண்டரை டாலராக இருந்ததை 2022 ஜூலையில் மூன்றரை டாலர் ஆக்கினார்கள். ஒரு துண்டு ரொட்டி, ஒரு சாசேஜ், வதக்கிய வெங்காயம், மேலே சாஸ், அவ்வளவுதான். வெங்காயம் சாசேஜுக்கு அடியில் போக வேண்டும், மேலே அல்ல. 2018இல் கடையே அப்படிச் சொல்லிவிட்டது. மேலே வைத்தால் வெங்காயம் தரையில் விழும், அதில் யாராவது வழுக்கி விழுவார்கள். நாடே சிரித்த விதி அது, ஆனாலும் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள்.

ஒரு நாளுக்கு 400 சாசேஜ் என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். மெலிந்த சாசேஜ் கிலோவுக்கு 12 முதல் 14 நிற்கும், ஆக 30 கிலோ சுமார். சாண்ட்விச் ரொட்டியில் இரண்டு முனைத் துண்டுகளை ஒதுக்கினால் பாக்கெட்டுக்கு 18 துண்டு தேறும், 23 பாக்கெட் வாங்க வேண்டும். வெங்காயம் 8 முதல் 10 கிலோ. எல்லாம் சேர்த்து ஒன்றுக்குத் தோராயமாக ஒரு டாலர் செலவு. 1,400 டாலர் வரவில் ஆயிரம் மிஞ்சினால் நல்ல நாள். மழை பெய்தால் பாதிகூட விற்காது. அதனால் அனுபவம் உள்ள கிளப் ரொட்டியை இரண்டு தவணையாக வாங்கும், பிரிக்காத சாசேஜைக் குளிரிலேயே வைத்திருக்கும்.

சுடுவது சுலபம், சுட்டதைக் கெடாமல் கொடுப்பதில்தான் கவனம் வேண்டும். பச்சை சாசேஜ் 5 டிகிரிக்குக் கீழே, ஐஸ் நிறைத்த எஸ்கியில் (குளிர் காக்கும் பெட்டி) இருக்க வேண்டும். உறைந்த சாசேஜை முந்தின இரவு சமையல் மேடையில் வைத்து இளக்குவது பெரிய தப்பு. குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள் முன்பே வைத்து இளக்க வேண்டும். உள்ளே 75 டிகிரி வந்ததா என்று குத்துகிற வெப்பமானியால் பார்ப்பார்கள். வெளியே கறுத்து உள்ளே சிவந்திருப்பதற்குக் காரணம் எப்போதும் ஒன்றே: வரிசை நீண்டதும் யாரோ அடுப்பை முழு வேகத்தில் திருகியிருப்பார்கள். வெந்தது 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், ஆகவே கூட்டம் இல்லாத பதினொரு மணிக்கு ஐம்பதைச் சுட்டு அடுக்கி வைக்கக் கூடாது. பச்சைக்கு ஓர் இடுக்கி, வெந்ததற்கு இன்னொன்று. ஒரே இடுக்கியால் இரண்டையும் எடுப்பதைப் பார்த்தால் புதியவர் என்று தயங்காமல் சொல்லுங்கள். காசு வாங்குகிறவர் ரொட்டியைத் தொடவே கூடாது. கையுறை போட்டுக்கொண்டே காசையும் ரொட்டியையும் தொடுகிறவர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு.

மதியம் பன்னிரண்டரை மணிக்கு, கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது, எரிவாயு தீரும். 9 கிலோ உருளை ஒன்று மாற்றாக இருக்கிறதா என்று காலையிலேயே தூக்கிப் பார்க்க வேண்டும். உருளையை மாற்றியதும் இணைப்பில் சோப்பு நீரைத் தடவி, குமிழி வந்தால் மூடிவிட்டு மறுபடி முறுக்க வேண்டும். கொழுப்பு வழியும் தட்டை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலி செய்யாவிட்டால் தீ எழும்பும். அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சில்லறை விஷயமும் இருக்கிறது. மூன்றரை டாலர் விலைக்கு ஐந்து டாலர் நோட்டு நீட்டினால் மீதி ஒன்றரை. ஆகவே காலைப் பெட்டியில் 1 டாலர், 50 சென்ட் காசுகள் நிறைய வேண்டும். 20 டாலர் தருகிறவர்களுக்காக 5, 10 டாலர் நோட்டும் கொஞ்சம். இப்போது பாதிப் பேருக்கு மேல் அட்டையைத் தட்டுகிறார்கள், கருவியின் மின்கலத்தை முதல் நாளே ஏற்றி வையுங்கள் என்று யாராவது நினைவூட்டினால் அவருக்குப் புண்ணியம்.

இனி இறைச்சி. பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாசேஜ்தான். தொட மாட்டேன் என்றால் வெங்காயம் வதக்குகிறேன் அல்லது காசு வாங்குகிறேன் என்று முதலிலேயே பெரியவரிடம் சொல்லிவிடுங்கள். ஒருவரும் காரணம் கேட்க மாட்டார்கள். வெங்காயத்துக்கு எப்போதும் ஆள் பஞ்சம், கண் எரியும் வேலை என்பதால். சில கிளப்புகள் சைவச் சாசேஜும் வைக்கின்றன. அதற்குத் தனித் தட்டும் தனி இடுக்கியும் இருந்தால்தான் சைவம் என்று சொல்லி விற்க வேண்டும். இதை நீங்களே பொறுப்பெடுத்துக்கொண்டால் நம் ஆட்களும் வாங்குவார்கள்.

"நாம் தோசை போட்டால் இன்னும் விற்குமே" என்று தோன்றும், எல்லோருக்கும் தோன்றும். பன்னிங்ஸ் வாசலில் அது நடக்காது. வேறு இடத்தில் நடத்தலாம், ஆனால் விக்டோரியாவில் சாசேஜ், ரொட்டி, வெங்காயம், சாஸ் மட்டும் சுட்ட கையோடு விற்பது உணவுச் சட்டத்தில் நான்காம் வகுப்பு: கவுன்சிலுக்கு (உள்ளாட்சி) தெரிவித்தால் போதும். சட்னி, சாம்பார், பிரியாணி என்று போனால் வகுப்பு ஏறிவிடும், கவுன்சிலில் பதிவு வேண்டும். வெந்த சோற்றை அறைச் சூட்டில் விட்டால் அதில் வளரும் கிருமி மறுபடி சூடாக்கினாலும் போகாத நஞ்சை விட்டுவைக்கும். கோயில் அன்னதானத்தில் எத்தனை வருடம் பரிமாறியிருந்தாலும் கவுன்சில் அதிகாரியிடம் அது செல்லாது.

மச்சினன் வரலாம். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வேலை வரம்பு இருக்கிறது. லாப நோக்கமற்ற அமைப்புக்கு, பணமோ பணத்துக்கு ஈடானதோ வாங்காமல் செய்யும் உண்மையான தொண்டு அதில் சேராது. ஆனால் ஒரு ஹோட்டல்காரர் "மூன்று வாரம் தொண்டாக வந்து பழகு, பிறகு சம்பளம்" என்றால் அது தொண்டே அல்ல, கூலி ஏய்ப்பு. நம்மவர்களே நம் பிள்ளைகளிடம் இதைச் செய்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

சாசேஜ் விற்கப் போவதற்குச் சந்தா இல்லை, உறுப்பினராகவும் வேண்டியதில்லை. வருகைத் தாளில் மட்டும் பெயரும் கையெழுத்தும் போடுங்கள். கை சுட்டால் கிளப்பின் தொண்டர் காப்பீட்டுக்கு நீங்கள் அன்று வந்ததற்கு அதுதான் சான்று. பிறகு குழந்தைகளோடு சேர்ந்து செய்யும் பணி ஏதாவது வந்தால் 'வொர்க்கிங் வித் சில்ட்ரன் செக்' (குழந்தைகளோடு பணி செய்வதற்கான பின்னணிச் சோதனை) கேட்பார்கள். விக்டோரியாவில் தொண்டர்களுக்கு இலவசம், ஐந்து வருடம் செல்லும். அந்தத் தொண்டர் அட்டையைக் காட்டிச் சம்பள வேலை பார்க்கக் கூடாது, அதற்கு வேறு விண்ணப்பம், கட்டணமும் உண்டு.

சேரச் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். இரண்டு மூன்று கூட்டத்துக்கு விருந்தினராகப் போய், வருடச் சந்தா எவ்வளவு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் சாப்பாட்டுக்குத் தனியாக எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். சந்தாவைவிடச் சாப்பாட்டுச் செலவுதான் வருடக் கடைசியில் கனக்கும். அது கிளப்புக்குக் கிளப் மாறும். உங்கள் வீட்டம்மாவும் சேரலாம், லயன்ஸில் 1987 முதலே பெண்கள் முழு உறுப்பினர்கள். கூட்டத்தில் 'டெயில் ட்விஸ்டர்' என்று ஒருவர் எழுந்து, பிறந்தநாளைச் சொல்லவில்லை, கழுத்துப் பட்டை கோணல் என்று ஒரு டாலர் இரண்டு டாலர் அபராதம் போடுவார். அது வேடிக்கை. சிரித்துக்கொண்டே போட்டுவிடுங்கள்.

அவர்களிடம் நாம் கற்க வேண்டியது கணக்கு வைக்கும் முறை. கிளப்புக்கு இரண்டு வங்கிக் கணக்கு இருக்கும்: உறுப்பினர் சந்தா போகும் நிர்வாகக் கணக்கு, பொதுமக்களிடம் திரட்டிய பணம் போகும் நற்பணிக் கணக்கு. சாசேஜ் விற்ற காசிலிருந்து கிளப்பின் தபால் தலைகூட வாங்க முடியாது. அன்றைய வசூலை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, தாளில் இருவரும் கையெழுத்திடுவார்கள். செலவுக்குக் கூட்டத்தில் ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிய வேண்டும். நம்மவர் நடத்தும் வெள்ள நிவாரண வசூல் பலவும் ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கில்தான் வந்து விழுகிறது. அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், பிறகு வரி அலுவலகத்துக்கும் சந்தேகப்படும் சொந்தக்காரருக்கும் காட்ட அவரிடம் ஒரு தாள் இருக்காது. வாட்ஸ்அப்பில் வசூல் தொடங்குவதைவிட, இருக்கிற கிளப் ஒன்றின் வழியே செய்வது எவ்வளவோ மேல்.

வரி என்றதும் ஒன்று. 2 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் வரியில் கழிக்கலாம் என்பது, வரிவிலக்கு நன்கொடை பெறும் தகுதி பதிவான அமைப்புக்கு மட்டும். அந்தத் தகுதி இருக்கிறதா என்பதை அரசின் ஏபிஎன் (அமைப்பின் வணிகப் பதிவு எண்) தேடுபக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். அங்கேயும் ராஃபிள் சீட்டு, சாசேஜ், கிறிஸ்துமஸ் கேக் வாங்கிய காசு கழியாது, பதிலுக்கு ஒன்றை வாங்கிவிட்டீர்கள் அல்லவா.

வேலை தேட உதவுமா? உதவும், மெதுவாக. முதல் நாளே சுயவிவரத்தை நீட்டாதீர்கள். இங்கே விண்ணப்பத்துக்கு உள்ளூரில் இரண்டு பேர் பரிந்துரைக்க வேண்டியிருக்கும், புதிதாக வந்தவர்களுக்கு அதுதான் முட்டுக்கட்டை. ஆறேழு மாதம் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றவருக்காக ஒரு கிளப் செயலாளர் தயங்காமல் தொலைபேசியில் பேசுவார். சொன்ன நேரம் என்பதுதான் இதில் முக்கியம். எட்டு மணி என்றால் ஏழே முக்காலுக்குப் போங்கள், வர முடியாது என்றால் முதல் நாளே சொல்லுங்கள். கடைசி நேரத்தில் காணாமல் போனவரை அவர்கள் திட்ட மாட்டார்கள், மறுபடி கூப்பிடவும் மாட்டார்கள். பிற்பகல் ஷிஃப்ட்டுக்குத்தான் ஆள் கிடைக்காது, அடுப்பைச் சுரண்டிக் கழுவும் வேலை அதில் இருப்பதால். அதைக் கேட்டு வாங்கினால் ஒரே நாளில் எல்லோருக்கும் உங்கள் பெயர் தெரியும்.

ஊர்ப் பள்ளிக்கூடம்தான் உங்கள் கேள்விகளில் கடினமானது. இங்கிருந்து இந்தியாவில் உள்ள ஓர் அறக்கட்டளைக்குப் பணம் போக வேண்டுமானால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றதாகவோ முன் அனுமதி பெற்றதாகவோ இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர முடியும். ஊர் இளைஞர் மன்றத்தின் கணக்குக்கு ஒரு கிளப் பணம் அனுப்பாது, அனுப்பச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். ரோட்டரியில் இதற்கென்றே வழி இருக்கிறது: பணி நடக்கும் நாட்டில் ஒரு கிளப், வெளிநாட்டில் ஒரு கிளப், இரண்டும் சேர்ந்து ரோட்டரி அறக்கட்டளையிடம் 'குளோபல் கிராண்ட்' என்ற மானியம் கேட்கலாம். ஆனால் திட்டத்தின் மதிப்பு குறைந்தது 30,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும். நான்கு கழிப்பறையும் ஒரு குடிநீர்த் தொட்டியும் அந்தத் தொகையை எட்டாது. அக்கம்பக்கத்து ஐந்தாறு பள்ளிகளைச் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும், கட்டிய பிறகு யார் பராமரிப்பது என்பதையும் எழுத வேண்டும். தலைமை ஆசிரியரிடம் என்ன தேவை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஊருக்குப் பக்கத்தில் உள்ள ரோட்டரி சங்கச் செயலாளரிடம் முதலில் பேசுங்கள். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் இங்கே உள்ள ரோட்டரிக்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுக்க வேண்டும்.