வசனம் மட்டும் காணாமல் போவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்: கல்லூரியில் குறும்படத் திரையிடல்

கேள்வி: துறை விழாவில் குறும்படம் திரையிடும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. 14 படங்கள் வந்திருக்கின்றன. ஆடிட்டோரியம் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும். எதை எடுப்பது, எதை முதலில் போடுவது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: இரண்டு மணி நேரத்தில் படம் ஓட 75 நிமிடம்தான் தேறும். கூட்டம் வந்து உட்காரக் கால் மணி, இயக்குநர்களோடு பேச 20 நிமிடம், எச்.ஓ.டி. மைக்கைப் பிடித்தால் அதற்கு 10. ஆக 6 படம், மிஞ்சிப்போனால் 7. ஆஸ்கர் விதிப்படி டைட்டில்களையும் சேர்த்து 40 நிமிடம் வரை குறும்படம்தான். ஆனால் அப்படி ஒன்றை எடுத்தால் உங்கள் நேரத்தில் பாதியை அதுவே விழுங்கிவிடும்.

முதல் படம் 5 முதல் 8 நிமிடம், வசனம் குறைவாக இருக்கட்டும். அந்த நேரத்தில் கதவு திறந்து மூடிக்கொண்டிருக்கும், செல்போன் வெளிச்சத்தில் சீட் தேடுவார்கள். நீளமான படத்தை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வையுங்கள். கடைசிக்குத் தள்ளினால் ஹாஸ்டல் கேட், பஸ் என்று பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். சாவு வீட்டில் முடிகிற படத்தை அடுத்து காமெடி போடாதீர்கள். யாருக்கும் சிரிப்பு வராது, பழி காமெடி எடுத்தவர் மேல் விழும். நடுவே மூன்று நிமிட அனிமேஷன் ஒன்று இருந்தால் மனசு கொஞ்சம் ஆறும். படத்துக்குப் படம் ஐந்து விநாடி இருட்டு போதும், லைட்டைப் போட வேண்டாம். டைட்டிலைப் பாதியில் வெட்டாதீர்கள். லைட்மேன் பெயர் வரை ஓடட்டும்.

நண்பன் படம் என்பதற்காக எட்டாவதாக ஒன்றைச் சேர்க்காதீர்கள். வேண்டாம் என்பதை போஸ்டர் அடிக்கும் முன்பே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் குறையும்.

கேள்வி: லேப்டாப்பில் நன்றாகக் கேட்கிற படம் ஆடிட்டோரியத்தில் இசை மட்டும் கேட்கிறது, வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. மைக் செட் அண்ணன் லேப்டாப்பில்தான் கோளாறு என்கிறார்.
– விஸ்காம் மாணவர், மதுரை

பதில்: லேப்டாப்பும் நன்றாக இருக்கிறது, மைக் செட்டும் நன்றாக இருக்கிறது. கோளாறு நடுவில் உள்ள ஒயரில். லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் இடது, வலது என இரண்டு சிக்னல் வருகின்றன. அந்த ஸ்டீரியோ ஒயரின் மறுமுனையை மிக்ஸரின் (மைக் செட்டில் சத்தத்தைக் கலந்து கூட்டிக் குறைக்கும் பலகை) மைக் இன்புட்டில் நேராகச் செருகினால், அது ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஸ்பீக்கருக்கு அனுப்பும். வசனம் இரு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும்; கழித்தால் பூஜ்யம். இசை இரு பக்கமும் வேறு வேறாக இருப்பதால் தப்பிக்கிறது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை: விண்டோஸ் செட்டிங்கில் ‘மோனோ ஆடியோ’வை ஆன் செய்யுங்கள், இரு பக்கமும் ஒரே சத்தமாகிவிடும். சத்தம் மொத்தமாக அடங்கினால் குற்றவாளி ஒயர்தான். ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் இரண்டு மோனோ பின் உள்ள ஒயர் வாங்கி, மிக்ஸரில் இரண்டு லைன் சேனல்களில் செருகுங்கள். ஒரு சேனல்தான் காலியா? மோனோவை ஆனிலேயே வைத்து, ஒரு பின்னை மட்டும் செருகினால் போதும்.

‘ம்ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் சிக்கல். லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே எர்த்தைத் துண்டிக்கும் வசதியுள்ள டி.ஐ. பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) ஒன்றைக் கேளுங்கள். மைக் செட்காரர்கள் பலர் வைத்திருப்பார்கள்.

ஆறு பேர் எடுத்த ஆறு படத்தில் சத்தமும் ஆறு விதமாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வசனக் காட்சியை ஹாலிலேயே ஓட்டி, ஃபேடர் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுபட்டன்) எங்கே நிற்க வேண்டும் என்று பேப்பரில் குறித்து ஆபரேட்டர் கையில் கொடுங்கள். காலி ஹாலைவிட ஆள் நிறைந்த ஹாலில் கொஞ்சம் கூட்டத்தான் வேண்டியிருக்கும்.

கேள்வி: பெரிய ஃபைல் பென்டிரைவில் ஏற மறுக்கிறது. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாக வருகிறது.
– மாணவர், ஈரோடு

பதில்: பென்டிரைவ் ஃபேட்32 என்ற சேமிப்பு முறையில் இருக்கிறது, அதில் 4 ஜி.பி.க்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. ஃபார்மட் செய்து எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள், உள்ளே இருப்பது அழியும் என்பதால் முதலில் நகல் எடுத்துவிட்டு. சப்டைட்டிலைப் படத்தோடு சேர்த்தே எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்லுங்கள். எந்த லேப்டாப்பில் போட்டாலும் எழுத்து உடையாது. தரை சமமான ஹாலில் திரையின் அடிவிளிம்பு நான்கு அடியாவது மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்வரிசைக்காரர் படிப்பது முன்வரிசைக்காரர் தலையைத்தான்.

கேள்வி: யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
– மாணவி, புதுச்சேரி

பதில்: கல்லூரி நிகழ்ச்சியாக, மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர், கல்லூரியோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கும் திரையிடலுக்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. இருந்தாலும் இயக்குநரிடம் மின்னஞ்சலில் ஒரு வரி சம்மதம் வாங்கிவிடுங்கள். ஊரையே அழைத்தால் கதை வேறு: பதிப்புரிமை விலக்கு போய்விடும், 1952 சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குச் சான்றிதழோ விலக்கோ வேண்டும். படத்தில் சினிமாப் பாட்டு ஓடினால் அதற்கு இயக்குநர் சம்மதம் போதாது, பாட்டின் உரிமை அவரிடம் இல்லை.