குழாய்க் கர்ப்பம்: ஊசியா, லேப்ராஸ்கோபியா?

கருக்குழாயில் தங்கிவிடும் கர்ப்பம், அதற்குப் போடும் மெத்தோட்ரெக்சேட் ஊசி, லேப்ராஸ்கோபி எனும் சிறுதுளை ஆபரேஷன் பற்றி வந்த கேள்விகளுக்கு, மகப்பேறு வார்டில் தாதியாக இருந்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முடிவு உங்கள் மருத்துவருடையது.

ஈசூன் வாசகி: ஆறு வாரம், அக்கா. ஆபரேஷன் இல்லாமல் ஊசியிலேயே சரியாகுமா?

உங்கள் ரத்தத்தில் உள்ள எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவைப் பொறுத்தது. 1,500-க்குக் கீழே இருந்தால் ஊசி பலிக்க நல்ல வாய்ப்பு. 5,000 வரைகூடக் கொடுப்பதுண்டு. குழாயில் உள்ள கர்ப்பக் கட்டி 3.5 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும், கருவுக்கு இதயத் துடிப்போ உங்களுக்குக் கடும் வலியோ இருக்கக் கூடாது.

மெத்தோட்ரெக்சேட் ஊசி போடுவது ஒரு நிமிட வேலை. அப்புறம்தான் அலைச்சல். 4-ஆம் நாளும் 7-ஆம் நாளும் ரத்தம் கொடுக்க வேண்டும். 4-ஆம் நாள் எச்சிஜி எண் ஏறியிருந்தால் பதறாதீர்கள், அது சகஜம். அதிலிருந்து 7-ஆம் நாளுக்குள் 15 விழுக்காடாவது இறங்கியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். இறங்காவிட்டால் இன்னோர் ஊசி, இல்லையேல் ஆபரேஷன். இறங்கினாலும் எண் அடங்கும்வரை வாராவாரம் பரிசோதனை உண்டு. "வேலை இருக்கு, அடுத்த வாரம் வரேன்" என்பவர்களுக்கு ஊசி சரிப்படாது.

தெம்பனிஸ் வாசகி: ஊசி போட்டாயிற்று. மாமியார் தேக்காவிலிருந்து கட்டுக்கட்டாகக் கீரை வாங்கி வந்திருக்கிறார். சாப்பிடலாமா?

கொஞ்ச நாள் வேண்டாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் நிறுத்துங்கள். கீரையிலும் இருக்கும் ஃபோலேட் சத்தைத் தடுத்துத்தான் இந்த மருந்தே வேலை செய்கிறது. மாமியாரிடம் "டாக்டர் சொன்னார்" என்று சொல்லுங்கள், என்னை இழுக்காதீர்கள்! வலிக்குப் பாராசிட்டமால் போதும், ஐபுப்ரோஃபன் கூடாது. அடுத்த கர்ப்பத்துக்கு 3 மாதமாவது பொறுங்கள்.

உட்லண்ட்ஸ் வாசகர்: குழாயையே எடுக்க வேண்டுமாம். மனைவி அழுகிறார். கருவை மட்டும் எடுக்க முடியாதா?

முடியும். ஆனால் குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுத்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மிச்சத் திசு தங்கி மறுபடி சிகிச்சை தேவைப்படலாம். மற்றக் குழாய் நன்றாக இருந்தால், குழாயை எடுத்தாலும் கருவை மட்டும் எடுத்தாலும் இயற்கையாகக் கருத்தரிக்கும் வாய்ப்பில் பெரிய வித்தியாசமில்லை. 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. அதை மனைவியிடம் சொல்லுங்கள். மற்றக் குழாயும் பழுதாக இருந்தால் கதை வேறு, அப்போது கீறி எடுப்பது பற்றி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

பொங்கோல் வாசகி: லேப்ராஸ்கோபி முடிந்து தோள் வலிக்கிறதே?

வயிற்றுக்குள் செலுத்திய வாயுதான் காரணம், ஓரிரு நாளில் போய்விடும். எம்சி (மருத்துவ விடுப்பு) இருக்கும்வரை ஓய்வெடுங்கள். ஆனால் சிகிச்சைக்கு முன்போ, ஊசிக்குப் பிறகோ தோள் வலித்துத் தலையும் சுற்றினால், உள்ளே ரத்தம் கசிகிறதாக இருக்கலாம். டாக்சிக்குக் காத்திருக்காமல் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழையுங்கள்.