கேற் தூணும் படலைத் தூணும்: வாசகர் கேள்விகள்

மகன் இங்கிலாந்தில் பழைய சந்தைப் பட்டினம் ஒன்றில் வீடு வாங்கியிருக்கிறார். வாசலில் இரண்டு கல் தூண்கள். வான் வண்டி உள்ளே போகாது. ஒன்றைக் கிளப்பி இரண்டடி தள்ளி நட்டால் என்ன என்று கேட்டேன். "அம்மா, மறியலுக்குப் போகவேண்டி வரும்" என்கிறார். பகிடியா, உண்மையா?
(வாசகி, சுழிபுரம்)

பகிடி இல்லை. இங்கிலாந்தில் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களுக்கு ஒரு தேசியப் பட்டியல் உண்டு. முதலாம் தரம், நட்சத்திரமிட்ட இரண்டாம் தரம், இரண்டாம் தரம் என மூன்று படிகள். வாசல் தூண்கள் மட்டும் தனியாகவே அதில் ஏறியிருக்கலாம். ஏறாவிட்டாலும், பட்டியலிலுள்ள வீட்டின் வளவுக்குள் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கிற தூண் என்றால் வீட்டோடு சேர்ந்து அதற்கும் பாதுகாப்பு. (அவர்களுடைய "curtilage" என்ற சட்டச் சொல்லுக்கு எங்கள் "வளவு" அச்சொட்டாகப் பொருந்துகிறது.) அனுமதியில்லாமல் இடிப்பதும், தன்மை மாறும்படி கைவைப்பதும் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உச்சத் தண்டனை இரண்டு வருட மறியல். அபராதத்துக்கு மேல்வரம்பு இல்லை.

மகன் கவனிக்கவேண்டிய இன்னொன்று: முந்தைய சொந்தக்காரர் களவாகச் செய்த மாற்றத்தையும் இப்போதைய சொந்தக்காரரே திருத்தவேண்டி வரலாம். அந்த நடவடிக்கைக்குக் காலக்கெடு கிடையாது. உள்ளூராட்சிச் சபையில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார்; முதலில் அவரோடு கதைக்கட்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, பதிலுக்கு எட்டுக் கிழமை கணக்கு. தூணை நகர்த்த விடுவது அரிது. கதவு திறக்கும் பக்கத்தை மாற்றுவதற்கு அனுமதி கிடைக்க வாய்ப்புக் கூட. வானை வெளியே விடுவது அதிலும் சுகம்.

எங்கள் முருகைக்கல் கேற் தூண்களுக்குப் பத்து வருடத்துக்கு முன் சீமெந்து பூசினோம். இப்போது பூச்சு பாளம் பாளமாகக் கழருகிறது, கல்லும் மாவாகக் கொட்டுகிறது. "இன்னும் பலமாகப் பூசுவோம்" என்கிறார் மேசன்.
(வாசகர், கரவெட்டி)

வேண்டாம். பலம் கூடியதுதான் வருத்தமே. முருகைக்கல்லும் எங்கள் சுண்ணக்கல்லும் நிலத்து ஈரத்தை உறிஞ்சி மேலே எடுக்கும். சுண்ணாம்புச் சாந்தென்றால் அந்த ஈரம் பூச்சாலும் பொருத்தாலும் காற்றுக்குப் போய்விடும். சீமெந்து வழியை அடைக்கிறது. அடைபட்ட ஈரம் கல்லுக்குள்ளேயே காய, அதோடு வந்த உப்பு கல்லின் நுண்துளைகளில் பளிங்காகிப் பருத்து உள்ளிருந்தே கல்லை உடைக்கிறது. பழுதாக வேண்டியது சாந்து, கல் அல்ல. சாந்தை மாற்றலாம்.

முதலில் சுத்தியல் பிடியால் பூச்சைத் தட்டிப் பாருங்கள். "டொக் டொக்" என்று கோறையாகக் கேட்கிற இடத்தை மட்டும் கழற்றுங்கள். இறுகப் பிடித்திருப்பதை இழுத்தால் கல்லின் முகமும் கூட வரும். அது தானாகக் கழரும்வரை விடுங்கள். பொருத்துகளிலுள்ள சீமெந்தை ஒடுங்கிய உளியால் எடுக்கவேண்டும். கிறைண்டர் பிடித்தால் கல்லின் விளிம்பையும் சேர்த்து வெட்டும். பொருத்து அரை அங்குல அகலமென்றால் ஒரு அங்குல ஆழம் தோண்டுங்கள். குறைத்தால் புதுச் சாந்து தோலாக உரிந்துவிடும்.

சூளையில் சுட்ட கட்டிச் சுண்ணாம்பை இரும்புப் பரலில் நீற்றுங்கள். தண்ணீர் முதலில், கட்டி பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டப் போகவேண்டாம். நீறினதை அரித்து, மேலே இரண்டங்குலம் தண்ணீர் நிற்க ஒரு மாதமாவது மூடி வையுங்கள். மூன்று மாதமென்றால் இன்னும் நல்லது. பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு மணல். மேலதிகமாகத் தண்ணீர் விடாமல் அடித்துக் குழைத்தால் களியிலுள்ள ஈரமே போதும். பலர் பிழைவிடுவது இங்கேதான்: இறுக்கமாக இருக்கிறதென்று தண்ணீர் விடுவார்கள், காயும்போது மயிர்வெடிப்பு விழும். பனங்கட்டித் தண்ணீர் கொஞ்சம் விடுவது பழைய வழக்கம். அளவு மிஞ்சினால் சாந்து இறுகப் பிந்தும்.

கடல் மணல் வேண்டாம், உவர்க் கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். வெளியே துரத்துகிற உப்பை நாமே உள்ளே வைத்ததாகிவிடும்.

பொருத்தை நனைத்து, தண்ணீர் தேங்கி நிற்காத பதத்தில் சாந்தை அழுத்தி அடையுங்கள். கல்லின் விளிம்புக்கு மேலே பரப்பவேண்டாம். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் மெல்ல இறுகும், அதற்கு ஈரமும் வேண்டும். ஆகவே நனைத்த சாக்கால் ஒரு கிழமை மூடுங்கள். சோளகம் வீசுகிற மாதங்களில் சாக்கு அரைநாளில் காயும், சாந்து தூளாகும். மாரியில் கழுவுப்பட்டுப் போகும். தை, மாசி தோதான காலம்.

நூறு வருடக் கல் தூண். பிணைச்சல் இறங்கியிருக்கிற இடத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு வெடிப்பு. மேலே சாந்து வைத்து அடைக்கலாமா?
(வாசகர், மானிப்பாய்)

வெடிப்பை அடைத்தால் அடுத்த வருடம் பக்கத்தில் வெடிக்கும். குற்றவாளி உள்ளே இருக்கிற இரும்பு. கறள் பிடித்த இரும்பு முன்பிருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கல் இடம் கொடாது. இங்கிலாந்துத் தூண்களிலும் இதே நோய்தான்.

அடித்து இழுக்காமல், இரும்பைச் சுற்றி மெல்லிய பிற்றால் வரிசையாகத் துளையிட்டுத் தளர்த்தி எடுங்கள். ட்றில்லில் "ஹாமர்" பொத்தானை நிறுத்திவிடுங்கள். பழைய வேலையில் இரும்பைச் சுற்றி ஈயம் வார்த்திருக்கலாம். தூளை மூச்சில் எடுக்கவேண்டாம். புதுப் பிணைச்சல் 316 தரக் கறையில்லா உருக்கில் செய்வியுங்கள். கடற்காற்றுக்கு 304 காணாது. பிளந்த துண்டு கையோடு வந்தால் பொடிகூட எறியாமல் சேர்த்துவைத்து, அதே உருக்கில் 12 மில்லிமீற்றர் தடிப்புக் கம்பி ஊசி இறக்கி இணைக்கலாம்.

இன்னொன்றையும் பாருங்கள்: அந்தத் தூண் மரப் படலைக்குக் கட்டினது. இன்றைய இரும்புத் தகட்டுக் கேற்றைத் தொங்கவிட்டால் சரியும். கேற்றுக்கென்று தனி இரும்புத் தூணை நான்கு அங்குலம் உள்ளே தள்ளி, இரண்டரை அடி ஆழத்தில் தனி அத்திவாரத்தில் நிறுத்துங்கள். தெருவிலிருந்து பார்ப்பவருக்குப் பழைய தூணே தெரியும்.

லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) இடித்துத் தூண் சரிந்துவிட்டது. நாலு பேர் பிடித்து நிமிர்த்தலாமா?
(வாசகர், உடுவில்)

ஒரு அடி சதுரம், ஐந்தடி உயரமுள்ள சுண்ணக்கல் ஏறக்குறைய 350 கிலோ. நாலு பேர் போதாது, போதுமென்று நினைப்பது ஆபத்து. முக்காலியும் (பாரம் தூக்கும் மூன்று கால் சட்டம்) செயின் புளொக்கும் எடுங்கள். கல்லில் சங்கிலி படக்கூடாது, நைலோன் பட்டி போடுங்கள். பல கல் அடுக்கின தூணென்றால் கழற்ற முன் ஒவ்வொன்றிலும் சோக்கால் இலக்கமும் தெருப்பக்கம் எதுவென்றும் எழுதிப் படம் எடுங்கள்.

எங்கள் சங்கடப்படலையை (கூரையும் திண்ணையும் வைத்த வாசல்) அரசாங்கம் பாதுகாக்குமா?
(வாசகி, வட்டுக்கோட்டை)

பழையது என்பதற்காகத் தானாக வராது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் புராதன நினைவுச் சின்னத்துக்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். நல்லூர்ச் சங்கிலியன் தோப்பு வளைவு, மந்திரிமனை போன்றவை பாதுகாப்பில் உள்ளவை. உங்கள் படலையை நீங்கள்தான் காக்கவேண்டும், கூரையிலிருந்து தொடங்குங்கள். கிடுகு பொத்தலானால் முதலில் உக்குவது பனஞ்சிலாகை, அதன்பின் திண்ணைச் சுவரின் தலை.

தூணின் தலையில் ஆலங்கன்று. பிடுங்கவா? பாசிக்கு அசிட் அடிக்கவா?
(வாசகர், கோப்பாய்)

விரல் தடிப்புக்கு முன் என்றால் மழைக்கு அடுத்த நாள் வேரோடு வரும். அதற்கு மேலே தடித்தால் இழுக்காதீர்கள், கல்லும் வரும். மேல் இரண்டு வரிக் கல்லைக் கழற்றி, வேரை எடுத்து, சுண்ணாம்புச் சாந்தில் திரும்ப அடுக்குங்கள். அசிட் சுண்ணக்கல்லையே கரைக்கும். நல்ல தண்ணீரும் தும்புத் தூரிகையும் போதும்.